பிந்தி வந்த கொக்கு

என் மகள் பவளக்கொடிக்குக் கொக்கு வரவில்லை.

கொக்கு என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இன்றைக்கு யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன். இனிமேல் பிறக்கப்போகிற யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் திருதிருவென்று விழிக்கக் கூடாது.

நான்கு வயது முடிந்ததும் பிள்ளைகளைத் தூக்கக்கூடத்துக்கு அழைத்துப் போவார்கள். நாற்பது மதியங்கள். சாப்பிட்ட பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்துத் தலையில் ஒரு பஞ்சுத் தொப்பி மாட்டுவார்கள். தொப்பி கனவு தரும். நாற்று நடத் தண்ணீர் கட்டிய வயல். அதில் ஒரு கொக்கு வந்து இறங்கும். காதருகில் ஒரு குரல், ஒன்று என்று சொல்லும். பிறகு இரண்டு கொக்குகள், மூன்று கொக்குகள் என்று கூட்டம் கூட்டமாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாற்பதாவது மதியம் நூறு கொக்குகள் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எதைப் பார்த்தாலும், பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று தெரிந்துவிடும். எண்ணுவது என்று ஒரு வேலை முன்பு இருந்ததாம். விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்வார்களாம். அதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

மூன்று தலைமுறையாக நாம் எல்லோரும் கண்டது ஒரே கனவு. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரோடு பேச்சுக் கொடுக்க வேண்டுமானால், உங்களுக்கு எந்தக் கொக்கு பிடிக்கும் என்று கேட்டால் போதும். எனக்குப் பிடித்தது எல்லோருக்கும் பிடித்ததுதான். பதினெட்டுக்கு அடுத்த கூட்டம் இறங்கித் தண்ணீர் அடங்குவதற்குள், இடது பக்கத்திலிருந்து ஒரே ஒரு கொக்கு பிந்தி வரும். அவசரமே இல்லாமல் வரும். மற்றவற்றுக்கு நடுவில் இடம் பார்த்துக் காலை ஊன்றும். அதன் பிறகுதான் குரல் கேட்கும். குழந்தைகளின் சட்டையிலும் பால் டம்ளரிலும் அந்தக் கொக்கின் படத்தைத்தான் போடுகிறார்கள்.

பவளாவுக்கு மூன்றாவது மதியம் இழுப்பு வந்தது. தூக்கக்கூடத்திலிருந்து செய்தி வந்து நான் ஓடியபோது, பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாயோரம் நுரையைத் துடைத்திருந்தார்கள். தொப்பி பக்கத்தில் கிடந்தது. "இன்னொரு தடவை மாட்டாதீங்க. என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

ஆனால் ஐந்து வயதில் பார்வைத் தேர்வு இருக்கிறது. ஒரு தட்டில் ஏதாவது வைப்பார்கள். எத்தனை என்று பிள்ளை சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளையை மலைமேல் இருக்கிற விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். பத்து வயது வரைக்கும் அங்கேதான். மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். பவளா இன்னும் என் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

எங்களிடம் ஏழு மாதம் இருந்தது.

"எல்லாம் என்ற கண்ணுக் கோளாறுங்க. அதுதான் அவளுக்கும் வந்திருக்குது" என்றாள் என் மனைவி கோகிலவாணி.

அவள் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பவளா பிறப்பதற்கு முன்பு கோகிலா மழலையர் பள்ளியில் ஆசிரியை. ஒரு நாள் இருபது பிள்ளைகளை ஓர் அணைக்கட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். கோகிலா, இன்னொரு ஆசிரியை, வண்டியோட்டி என மூன்று பெரியவர்கள். சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிய பிறகு கோகிலா வண்டிக்குள் நின்று ஒரு முறை பார்த்தாள். இருபது. மற்ற ஆசிரியையும் பார்த்தாள். இருபது. வண்டி பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்ததும் பெற்றோர்கள் ஆளுக்கொரு பிள்ளையைக் கூட்டிப்போக, கடைசியில் ஓர் அப்பா மட்டும் வெறுங்கையோடு நின்றார். அவருடைய மகன் முகுந்தனைப் பூங்காவின் கல் யானைக்குப் பின்னால் இருட்டிய பிறகு கண்டுபிடித்தார்கள். யானையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தானாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வருடம் அவன் வாய் திறந்து பேசவில்லை.

விசாரணை வைத்தார்கள். பார்த்திருந்தால் பத்தொன்பது என்று தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை. இதுதான் அவர்கள் கணக்கு. மற்ற இருவரும் சரியாகப் பார்க்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு வேலையைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கோகிலா மட்டும், "நான் பாத்தேனுங்க. இருபது இருந்துச்சு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பொய் சொல்கிறாள் என்று எழுதி வேலையை விட்டு நீக்கினார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்து, "விடு கோகிலா, அசந்திருப்பே. யாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதற்குப் பிறகு எதைப் பற்றியும் அவள் எத்தனை என்று சொன்னதில்லை. வீட்டுக்கு ஆட்கள் வந்தால்கூட அடுக்களையிலிருந்தே, "எத்தன பேருன்னு பாத்துச் சொல்லுங்க, அரிசி போடோணும்" என்பாள்.

நான் தென்னையில் ஏறித் தேங்காய் பறிக்கிற கருவிகளைப் பழுது பார்ப்பவன். பெயர் மயில்சாமி. மோட்டார் மூச்சுவிடுகிற சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வேன். பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. தெரியாது என்பதே முதல் நாள்தான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கூடத்தில் பாய் விரித்து ஏழு புளியங்கொட்டைகளை வைத்தேன்.

"இது ஏழு, சாமி" என்றேன் பவளாவிடம்.

பவளா ஒன்றை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதுவாப்பா ஏழு?"

"இல்ல அம்மிணி. எல்லாஞ் சேந்து ஏழு."

"அப்ப இது என்ன?"

எனக்கு ஏழு என்பது ஒரே வீச்சில் தெரிகிற விஷயம். அதைப் பிரித்துக் காட்டு என்றால் எங்கே கை வைப்பது? இரண்டு நாள் யோசித்து, கொட்டைகளைத் தனித்தனியாகத் தள்ளி ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லிக்கொடுத்தேன். மடமடவென்று பிடித்துக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை எனக்கு. மறுநாள் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"மூணைக் காணோம்ப்பா!"

நானும் குனிந்து அரை மணி நேரம் மூணைத் தேடினேன். பிறகுதான் உறைத்தது. அவள் ஒவ்வொரு கொட்டைக்கும் அது பெயர் என்று நினைத்திருக்கிறாள். கறுப்பாக, ஓரம் உடைந்த கொட்டை அவளுக்கு மூணு. அடுக்களையில் கோகிலா சிரித்தது கேட்டது. பல நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. நான் எட்டிப்பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

கொட்டையை விட்டுவிட்டுத் தட்டுக்குப் போனோம். சாப்பாட்டுக்கு முன் தட்டு வைப்பது பவளா வேலை. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, துணிப் பொம்மைக்கு ஒன்று. யாருக்கும் இரண்டு இல்லை, யாருக்கும் இல்லாமலும் இல்லை. அப்புறம் என் சட்டைப் பொத்தான்கள். ஒரு பொத்தானுக்கு ஒரு ஓட்டை. அப்புறம் மாடியில் துணிக்கு மாட்டுகிற கிளிப்புகள். ஒன்றுக்கு ஒன்று என்பது அவள் விரலுக்குத் தானாகவே வந்தது.

பிறகு முட்டைத் தட்டைக் கத்தரித்து, இருபது குழி இருக்கிற மாதிரி வைத்தேன். வரிசைக்கு ஐந்து குழி, நான்கு வரிசை. ஒரு குழிக்கு ஒரு கொட்டை. அவள் தொட்டுத் தொட்டுப் பெயர் சொல்வாள். சிலதை இரண்டு முறை தொடுவாள், சிலதைத் தாண்டிப் போவாள். தப்பு என்று எனக்குத் தெரியும், எங்கே தப்பு என்று தெரியாது. வழி கண்டுபிடித்தவள் அவள்தான். இரண்டு கொட்டாங்குச்சிகளை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள்.

"தொடாதது இதுல. தொட்டது அதுல. தொட்டதை மறுக்காத் தொடக் கூடாது."

இதை எந்தத் தொப்பியும் அவளுக்குச் சொல்லவில்லை.

இன்னொரு மதியம். ஐந்து கொட்டைகளை ஒவ்வொன்றாக அடுத்த கொட்டாங்குச்சிக்குக் கடத்தி முடித்தாள். எத்தனை சாமி என்று கேட்டேன். வழக்கமாக எல்லாவற்றையும் கொட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை. கொட்டாங்குச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "அஞ்சு" என்றாள். "கடைசியாச் சொன்னது எல்லாத்துக்கும்ப்பா."

விழித்துக்கொண்டே ஒரு கொக்கு இறங்குவதைப் பார்த்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? நான் பார்த்தேன்.

அந்த மதியங்களை நினைத்தால் இப்போதும் தூக்கம் கலையாத ஒரு சுகம் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே தென்னை ஓலையின் நிழல் பாய்மேல் ஊர்ந்துபோகும். மழை நாளில் கூடம் முழுக்கப் பச்சையாக இருக்கும். ஒண்ணு என்று ஒரு சத்தம். கொட்டை ஓட்டில் விழுகிற டொக். ரெண்டு, டொக். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, விரல் அந்த இடத்தைக் காற்றிலே கடந்துபோகிறது என்று எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. நாங்கள் எல்லாம் அந்த இடத்துக்கு மேலே பறந்துவிட்டவர்கள். அவள் நடந்து போனாள்.

கோகிலா அடுக்களைக் கதவில் சாய்ந்து நிற்பாள். பாய்க்கு வரமாட்டாள். வா என்று கூப்பிட்டால், "நானும் வந்து அவளையுங் கெடுக்கறதுக்கா?" என்பாள்.

நான் செய்த ஒரு தப்பை இங்கே சொல்லியாக வேண்டும். மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். கொடியில் இருந்த கிளிப்புகளை நாற்காலிமேல் நின்று பவளா தொட்டுத் தொட்டுச் சொல்லிவந்தாள். கடைசிக் கிளிப்பில் நிறுத்தி, "பத்தொம்பது" என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். இருபது. "ஒண்ணை விட்டுட்டே அம்மிணி. மறுக்காச் சொல்லு."

மறுபடியும் பத்தொன்பது. மூன்றாம் முறையும் அதேதான். தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. "இருபது! கண்ணு முன்னால இருக்குதே, தெரியலையா?" என்று கத்திவிட்டேன். அவள் உதடு பிதுங்கியது. நான்காம் முறை ஆரம்பித்தாள். பத்தொன்பதில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கிளிப்பே இல்லாத இடத்தில், வெறுங்காற்றை விரலால் தொட்டு, "இருபது" என்றாள்.

"அப்புடிச் சொல்லு என்ற ராசாத்தி!" என்று தூக்கிக்கொண்டேன்.

அன்று சாப்பிடும்போது கோகிலா சொன்னாள். "அவளுக்கு வராதுங்க. இன்னொரு தடவ தொப்பி மாட்டிப் பாக்கலாம்."

"மருத்துவர் சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கலீங்க. ஒரு இழுப்பு வந்தாலும் வரட்டும், கண்ணு வந்துருமில்ல? கண்ணு இல்லாம நாஞ் சீப்பட்டது போதும். அஞ்சு வருசம் அவளை மலையில விட்டுட்டு என்னால உசுரோட இருக்க முடியாது."

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். தேர்வில் தேறினால் சரி. தேறாவிட்டால், மலைக்குக் கூட்டிப்போக வருவதற்குள், மறுநாளே தொப்பி. நான் தலையாட்டினேன்.

தேர்வு நாளன்று கோகிலா வரவில்லை. நானும் பவளாவும் கிளம்பினோம். எங்கள் குடியிருப்பில் நாங்கள் முதல் மாடி. அந்த மாடிப்படிக்கு ஒரு குணம் உண்டு. ஏறுகிற எல்லோரும் மேலே வந்ததும் தடுக்குவார்கள். இல்லாத ஒரு படிக்குக் காலைத் தூக்கித் தடுமாறி, கட்டின மேஸ்திரியைத் திட்டிவிட்டுப் போவார்கள். பவளா மட்டும் தடுக்கியதில்லை. சின்னக் கால், மெதுவாக ஏறுகிறாள் என்று நினைத்திருந்தோம். படி கிடக்கட்டும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

தேர்வு நடத்திய அம்மாள் பெயர் சாரதாமணி. ஓய்வுக்கு நெருங்கிய வயது, சிரித்த முகம். ஒரு ஜாடியிலிருந்து கொட்டைப்பாக்குகளை மரத்தட்டில் அள்ளிப்போட்டு, தட்டைப் பார்த்து, இரண்டைத் திருப்பி எடுத்து ஜாடியில் போட்டார். பிறகு தாளில் ஏதோ எழுதிக் கவிழ்த்துவைத்தார்.

"பாரு கண்ணு, எத்தனை?"

நான் பார்த்தேன். இருபது. பவளா தட்டின் மேல் விரலை நீட்டினாள்.

"தொட்டுப் பாப்பாளுங்க, கொஞ்சம் நேரமாகும்" என்றேன்.

"தொட்டா?" சாரதாமணி புருவத்தை உயர்த்தினார். "சரி, தொடட்டும். எவ்வளவு நேரத்துல சொல்லோணும்னு விதியில ஒண்ணும் இல்ல." விதியை எழுதினவர்களுக்கு நேரம் ஆகும் என்பதே தோன்றியிருக்காது.

பவளா பாக்குகளைத் தட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ள ஆரம்பித்தாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பது. தள்ளுவதற்கு வேறு பாக்கு இல்லை. நின்றாள். விரல் அப்படியே காற்றில் நின்றது. என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, காத்தைத் தொடோணுமா?"

எனக்குத் தட்டில் இருபது தெரிகிறது. நான் ஒரு தலையசைப்பு அசைத்தால் போதும். தேறிவிடுவாள். மலை இல்லை, தொப்பி இல்லை, இழுப்பு இல்லை. தலை அசைவதற்குத் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவள் முகத்தில் இருந்த பார்வை எனக்குப் பழக்கமான பார்வை. ஆறு வருடத்துக்கு முன், தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி பார்த்த பார்வை. நான் பார்த்ததைச் சொல்கிறேன், நீயாவது நம்ப மாட்டாயா என்கிற பார்வை.

"வேண்டாஞ் சாமி" என்றேன். "உன்ற வெரல் என்ன சொல்லுதோ அதையே சொல்லு."

"பத்தொம்பது."

சாரதாமணி தாளைத் திருப்பினார். இருபது என்று எழுதியிருந்தது. அவருக்கும் வருத்தம்தான். "ஒண்ணுல போச்சே கண்ணு" என்று பேனாவை எடுத்தார்.

"நீங்க தொட்டீங்களா?" என்று பவளா கேட்டாள்.

"நான் பாத்தனே கண்ணு."

"தொடாம எப்புடித் தெரியும்?" அவர் கையில் இருந்த பேனாவை வாங்கிக் கீழே வைத்தாள். அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து முதல் பாக்கின் மேல் வைத்தாள். "ஒண்ணு சொல்லுங்க."

குழந்தையின் ஆசைக்காகத்தான் அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பத்துவரைக்கும் சிரிப்பு இருந்தது. பதினெட்டு தாண்டியதும் விரல் நின்றுவிட்டது. மேசைக்கு அடியில் குனிந்து தேடினார். மடியை உதறினார். ஜாடியைத் தள்ளிவைத்துவிட்டு, மறுபடியும், இந்த முறை பவளா பிடிக்காமலே, தானாகத் தொட்டார். பத்தொன்பது. நானும் தொட்டேன். அதேதான்.

கையை எடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தால், இருபது.

பிறகு சாரதாமணி மெல்லக் கேட்டார், "உங்களுக்கு எந்தக் கொக்குங்க பிடிக்கும்?"

"பிந்தி வர்றது."

"எனக்கும் அதேதான். அது வர்றதுக்கு முன்னாடி எத்தன கொக்கு நிக்குது, சொல்லுங்க?"

யோசித்தேன். பதினெட்டுக்கு அடுத்த கூட்டம். "பத்தொம்பதுங்க."

"பத்தொம்பதுன்னு அந்தக் குரல் எப்பவாச்சும் சொல்லிக் கேட்டிருக்கீங்களா?"

கண்ணை மூடினேன். வயல், தண்ணீர், வெள்ளைக் கூட்டம். குரல் சொல்லப்போகிற நேரத்தில் இடப்பக்கம் அந்த ஒற்றைக் கொக்கு வந்துவிடுகிறது. அது இறங்கிய பிறகுதான் குரல். குரல் சொல்வது இருபது.

"இல்லீங்க" என்றேன்.

"கனவு செஞ்சவங்க அழகுக்காகச் சேத்தாங்களோ, கைத்தவறோ, தெரியல. பத்தொம்பது நிக்கறதுக்குள்ள இருபதாக்கிட்டாங்க. எதுலயும் பத்தொம்பதைப் பாக்கறப்பெல்லாம், இன்னும் வராத அந்தக் கொக்கையுஞ் சேத்துத்தான் நம்ம கண்ணு பாக்குது. மூணு தலைமுறையா யாரும் தொட்டுப் பாக்கல. எல்லாருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சா யாருக்குச் சந்தேகம் வரும்?" அவர் எதையோ நினைத்துச் சிரித்தார். "எங்க வீட்டுக் கல்யாணப் பந்தியில இருபது எல போட்டா எப்பவும் ஒருத்தர் எல இல்லாம நிப்பாங்க. புது மாப்பிள்ளைதான் நிக்கோணும்னு ஒரு முறையே உண்டு."

"நானும் நின்னவனுங்க. நின்னதுக்கு ரெண்டு டம்ளர் பாயசம்" என்றேன். என்னால் சிரிக்க முடியவில்லை. எனக்குள் ஒரு வண்டி பொள்ளாச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

சாரதாமணி தாளை எடுத்தார். "இவ சரின்னு எழுதுனா நாமெல்லாந் தப்புன்னு எழுதற மாதிரி. மேல என்ன கேப்பாங்களோ" என்றார். இருபதை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் வெளியே வரும்போது, அறையில் இருந்த ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டு மாடிப்படியை அன்றைக்குத்தான் தொட்டு ஏறினேன். ஒவ்வொரு படிக்கும் பவளா பெயர் சொன்னாள். பத்தொன்பதில் தளம் வந்துவிட்டது. என் கால் தடுக்கவில்லை.

கோகிலா வாசலில் நின்றிருந்தாள். "தேறிட்டா" என்றேன். அவள் பவளாவை வாரி எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நான் உள்ளே போய்ப் பாயை விரித்தேன். முட்டைத் தட்டின் குழிகளில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தேன். கடைசிக் குழியை விட்டுவிட்டேன்.

"கோகிலா, இதைப் பாத்து எத்தனைன்னு சொல்லு."

"என்னையெதுக்குக் கேக்கறீங்க?"

"ஒரே ஒரு தடவை. எனக்காக."

எட்ட நின்றே பார்த்தாள். ஆறு வருடம் பூட்டியிருந்த வாய் திறந்தது. "இருபதுங்க."

"எனக்கும் இருபதுதான் தெரியுது. இப்ப வந்து உக்காரு."

பவளா அம்மாவின் விரலைப் பிடித்தாள். ஒண்ணு. ரெண்டு. கோகிலா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். குழந்தை விடவில்லை. மூன்று வரிசை முடிந்தது. பதினாறு. பதினேழு. பதினெட்டு. பத்தொம்பது. கோகிலாவின் விரல் தானாகவே அடுத்த குழிக்குப் போய், அடியில் அட்டையைத் தொட்டு, அங்கேயே நின்றது.

நான் கொக்கைப் பற்றிச் சொன்னேன். சாரதாமணியின் ஜாடியைப் பற்றி, படியைப் பற்றி, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. விரலை எடுக்கவே இல்லை.

"அன்னைக்கி நீ பாத்தே, கோகிலா" என்றேன். "பாத்ததைத்தான் சொன்னே. நாந்தான் உன்னை நம்பல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிக்கு வந்து அட்டையில் சொட்டியது. பவளாவுக்கு அம்மா தப்பாகத் தொடுகிறாளே என்ற கவலை.

"அது காலிம்மா. அங்க யாரும் இல்ல."

"ஒரு பையன் இருந்தாஞ் சாமி" என்றாள் கோகிலா.

வெளியே மாடிப்படியில் யாரோ மேலே வந்து தடுக்கி, கட்டின மேஸ்திரியைத் திட்டிக்கொண்டு போனார்கள்.